அண்ணி வீட்டு ஃபிரிட்ஜில் வைத்த மருந்து

நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற பொம்பளை எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு. படிப்பும் ஒன்பதாவதோடு நின்றுபோனவள் என்றால் கேட்கவே வேண்டாம். மூட்டுவலிப் பொடி விற்கிறவன், காந்த வளையல் விற்கிறவன், கால் வைத்த தண்ணீர் கறுத்ததைக் காட்டி உடம்பு விஷம் இறங்கிவிட்டது என்கிறவன், எல்லோரும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வாசலில் கோலம், நிலைப்படியில் மஞ்சள், உள்ளே சாம்பிராணிப் புகை. நல்ல ஆள் கிடைத்தாள் என்று செருப்பைக் கழற்றுவார்கள். போகும்போது அதை மாட்டிக்கொள்ளக்கூட நிற்க மாட்டார்கள். எனக்கு வாய் நீளம் என்று தெருவில் பெயர். என் மகளின் உயிர் இழுபறியாக நின்ற வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருஷங்கள் அடுத்தடுத்து வந்த காலம். குறுவை இல்லை என்று ஆனது, சம்பாவும் பாதியில் கருகியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கு ஏ.சி. வேலைக்குப் போனார். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவில் பாதி வீடுகளில் ஆம்பளைக் குரல் டெலிபோனில்தான் கேட்கும். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு லீவு என்பதால் அன்று சாயங்காலம் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலும் மணி அடிக்கும்.

நாலு வீடு தள்ளி என் வீட்டுக்காரரின் அக்கா வீடு. அவளை நான் அண்ணி என்பேன், அவள் புருஷனை அண்ணன் என்பேன். அண்ணன் வெளிநாட்டுப் பிழைப்பு போதும் என்று திரும்பி வந்துவிட்டவர். டைல்ஸ் போட்ட கூடம், பெரிய டிவி, ஒரு ஆள் உயரத்துக்கு ஃபிரிட்ஜ். தெருவில் ஃபிரிட்ஜ் இருந்த வீடு அது ஒன்றுதான். அதனால்தான் எல்லாம் வந்தது.

என் மகள் அப்போது இரண்டாவது படித்தாள். திடீரென்று இளைக்க ஆரம்பித்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பாள், படுக்கையை நனைப்பாள். குளிக்கிற இடத்தில் அவள் உட்கார்ந்து எழுந்த ஓரத்தில் எறும்பு மொய்க்கும். கண்ணேறு என்று அண்ணி சொன்னாள். நானும் உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் சுற்றிப் போடுகிறேன். ஆனால் சுற்றிப் போட்ட மறுநாள் பிள்ளை கண் சொருகி விழுந்ததும் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சர்க்கரை என்றார்கள். பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, உடம்பு ஒரு மருந்தைத் தானாகச் சுரக்க மறந்துவிட்ட சர்க்கரை. அந்த மருந்தை ஊசியில்தான் போட வேண்டும், காலையும் மாலையும்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டரம்மா சின்ன வயசு, எதையும் வெல்லம் தடவிச் சொல்லத் தெரியாதவர். உயிரோடு இருக்கிற வரைக்கும் என்றார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்தியது. நீங்கள் சொல்வது நிஜம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். நர்சம்மா முறைத்தார். டாக்டரம்மா முறைக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். நீல நிறத்தில் ஒரு திரவத்தை அதில் ஊற்றி, பிள்ளையின் மூத்திரத்தில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கண்ணுக்கு முன்னால் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"என்னைய நம்ப வேணாம்மா. இந்தக் கலரைப் பாருங்க. ஊசி போட்டா இது பச்சைக்குத் திரும்பும், நீலமாகும். திரும்பலன்னா ஒண்ணு மருந்து கெட்டிருக்கு, இல்ல நான் தப்பு. அன்னிக்கு வந்து என்னையத் திட்டுங்க."

குழாயையும் நீல மருந்தையும் விளக்கையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். என் வாழ்க்கையில் என்னை நம்பாதே என்று சொல்லி ஒரு பொருளைக் கையில் கொடுத்த ஆள் அவர் ஒருவர்தான். திட்டுவதற்கு அவர் எனக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை. கத்தரிக்காயில் குத்திப் பழகி, பிறகு பிள்ளையின் தொடையில் குத்தினேன். அவள் என் கையைக் கடித்தாள். ரெண்டே நாளில் குழாய் பச்சைக்கு வந்தது.

மருந்துக்குக் குளிர்ச்சி வேண்டும். அண்ணியின் ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, சாமி கும்பிட்டு, அவள் வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை எடுத்து வருவேன். போட்டதும் திரும்பக் கொண்டுபோய் வைப்பேன். சாயங்காலமும் அப்படியே. உள்ளதைச் சொல்ல வேண்டும், ஆரம்பத்தில் அண்ணி முகம் சுளிக்கவில்லை. தயிருக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு கிண்ணத்தை ஒதுக்கி, பிள்ளை மருந்து, யாரும் தொடாதீர்கள் என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தாள்.

அண்ணன் அந்தப் பழச்சாற்றுக் கும்பலில் சேர்ந்த பிறகுதான் வீடு மாறியது.

அந்தக் காலத்தில் அது ஊரெல்லாம் பரவியிருந்தது. ஏதோ தீவில் விளைகிற பழமாம். அதன் சாறு கறுப்புப் பாட்டிலில், தங்க எழுத்துப் போட்டு வரும். கடையில் கிடைக்காது. ஒருவர் இருவரைச் சேர்க்க வேண்டும், இருவர் நால்வரை. சொந்தக்காரர்கள்தான் முதல் இரை. வெளிநாட்டிலிருந்து வந்து சும்மா இருந்த ஆம்பளைகள் எல்லோரும் சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு அலைந்தார்கள். விதை நெல் வாங்கினால் ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளை பார்க்காமல் நாற்றங்காலில் தெளிக்காத ஊர் இது. கூடப் பிறந்த தம்பி கொடுத்த விதையாக இருந்தாலும் முளை பார்ப்பார் அண்ணன். அந்த மனுஷன் டை கட்டியவன் கொடுத்த பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கி வந்து, புற்றுநோய் முதல் பொடுகு வரை போகும் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வரவில்லை என்றால் உறவு இல்லை என்கிற மாதிரி அண்ணி கூப்பிட்டாள், போனேன். மேடையில் ஒருவர் ஏறி, தன் அம்மாவுக்கு வெட்ட இருந்த காலை இந்தச் சாறு காப்பாற்றியது என்று அழுதார். அடுத்தவர் ஏறினார், அவரும் அழுதார். கைதட்டல். கடைசியில் மெட்ராஸிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் கேள்வி உண்டா என்று கேட்டார். கேட்பதற்கு இல்லை, சும்மா கேட்டு வைப்பது. நான் எழுந்துவிட்டேன்.

"இதக் குடிச்சும் சர்க்கரை எறங்கலன்னா, எத்தனை நாள் கழிச்சு இது வேலை செய்யலன்னு ஒத்துக்குவீங்க?"

அவர் சிரித்தார். நம்பிக்கையோடு குடித்தால் இறங்கும் என்றார். இறங்காவிட்டால் என்று திரும்பக் கேட்டேன். நம்பிக்கையில் குறை என்று அர்த்தம் என்றார்.

"எம்பொண்ணுக்கு ஊசியக் கண்டாலே ஆகாதுங்க. கையக் கடிச்சு வப்பா. நம்பிக்கையே இல்லாத புள்ளைக்கு ஊசி வேலை செய்யுதே, அது எப்படி?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. என் கேள்விக்கா, எனக்கா என்று தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் ஆம்பளைக் குரல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு வூட்டுப் பொம்பளைப்பா இது? புருஷன் வெளிநாட்டுலயா? அதான" என்றது. இப்போது நிஜமாகவே எனக்காகச் சிரித்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெளியே வந்ததும் என்னைத்தான் கேட்டார். நெற்றி நிறைய இட்டுக்கொண்டு இப்படி நம்பிக்கை இல்லாமல் பேசுகிறாயே என்றார். என் நம்பிக்கையை நான் வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறேன். அங்கிருந்து எடுத்து உங்கள் பாட்டிலுக்கு மூடி போட முடியாது என்றேன். அன்றிலிருந்து பேச்சு குறைந்தது.

குறைந்தாலும் விடவில்லை. ஆடிப்பெருக்கு வந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, அடி பம்பில் அடித்து வைத்துக் கும்பிட்டோம். அன்று காலை அண்ணியும் அண்ணனும் தாம்பாளத்தோடு வந்தார்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வாழைப்பழம், ரவிக்கைத் துணி, நடுவில் அந்தக் கறுப்புப் பாட்டில். எங்கள் வழக்கத்தில் நாத்தனார் கொண்டு வரும் தாம்பாளத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அது அவள் முகத்தில் துப்புவது. தெரிந்துதான் பாட்டிலை அதில் வைத்திருந்தார்கள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். சாமி முன்னால் வைத்து எடுத்தேன். பிறகு அவர்கள் முன்னாலேயே மூடியைத் திறந்து, குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவர்களுடைய சாற்றில் சில சொட்டு விட்டு விளக்கில் காட்டினேன். பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை. செங்கல்லாகச் சிவந்தது. சர்க்கரைக்கு மருந்து என்று கொண்டு வந்தது முழுக்கச் சர்க்கரை.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். எவ்வளவு விவரம் இல்லாதவள் நான்.

அண்ணன் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புன்சிரிப்பாகச் சிரித்தார். "முள்ள முள்ளாலதாம்மா எடுக்கணும்."

"குத்துன முள்ளு உள்ள இருக்கறப்ப இன்னொரு முள்ளையும் குத்தி வச்சா, அதுக்குப் பேரு வைத்தியமாண்ணே?"

"பாத்தியா, எல்லாத்துக்கும் ஒரு எதிர்ப்பேச்சு" என்றாள் அண்ணி, புருஷனைப் பார்த்து. என்னைப் பார்த்துப் பேசுவதை அன்றே நிறுத்திவிட்டாள். கண்ணால் காட்டினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். பழமொழி ஒன்று கைவசம் இருந்தால் போதும், கண்ணில் கண்டதையும் மனுஷன் தாண்டிப் போய்விடுவான்.

பாட்டிலை நான் வாழைக்கு ஊற்றினேன். வாழைக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

ஆவணியில் குழாய் சிவக்க ஆரம்பித்தது. ஊசி போட்ட மறுநாளும் ஆரஞ்சு, அதற்கு மறுநாள் செங்கல். பிள்ளைக்குத் திரும்பத் தாகம், கால் உளைச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துக்கொண்டாள். நான் எதையும் மாற்றவில்லை. சாப்பாடு அதேதான், அளவு அதேதான். செய்தி அண்ணி வீட்டுக்குப் போனது. அவள் முகத்தில் கவலை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கவலைக்குப் பின்னால் ஒரு வெளிச்சமும் இருந்தது. ஊசிக்கு இவ்வளவுதான் ஆயுசு என்று சாமியே காட்டிக் கொடுத்துவிட்டது என்று தெருவில் சொன்னாள். ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து, ஒரு மண்டலம் பிள்ளை உடம்பில் ஊசி படாது, சாறு மட்டும்தான், குணமானதும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வந்து செலுத்துகிறோம் என்று வேண்டிக்கொண்டு, அதை என் வீட்டு சாமி அலமாரியில், நான் இல்லாத நேரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து மணி அடித்தது. அக்கா எல்லாம் சொல்லியாயிற்று போல. அவர் சத்தம் போடவில்லை. அக்கா சாமிக்கு முடிந்து வைத்திருக்கிறது, ஊசியும் இப்போது கேட்கவில்லை, ஒரு மண்டலம்தானே, மீறி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். சம்மதம் கேட்பது போலத்தான் கேட்டார், ஆனால் அது உத்தரவு. நான் ரிசீவரை வைத்தேன். ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் சாமிக்கு முடிந்த முடிச்சு. என்னைப் போன்றவளுக்கு அந்த முடிச்சு சாதாரணம் இல்லை. அவிழ்க்கலாமா என்று கை நீட்டி, பயந்து இழுத்துக்கொண்டேன். அண்ணிக்கு என் பயம் தெரியும். என்னை எங்கே கட்டினால் நான் நிற்பேன் என்று தெரிந்து கட்டினாள்.

மறுநாள் காலை மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது, திரும்பலன்னா ஒண்ணு மருந்து கெட்டிருக்கு. பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இருக்க வேண்டியது, திரிந்த பால் மாதிரி இருந்தது. உருட்டினாலும் சேரவில்லை. கண்ணாடியில் வெள்ளைத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. பஸ் ஏறி மயிலாடுதுறையில் மருந்துக் கடையில் காட்டினேன். கடைக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். "இது ஒறைஞ்சு எளகியிருக்கும்மா. இதுல ஒண்ணும் இல்ல, தூக்கிப் போடுங்க."

நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தேன். மேல் தட்டு, கீழ்த் தட்டு, கதவு, எல்லாம் கறுப்புப் பாட்டில்கள். தயிருக்குக்கூட இடம் இல்லை. பிள்ளையின் மருந்து வைக்கிற கிண்ணம் மேலே ஐஸ் பெட்டிக்குள், ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இருந்தது. நான் வரும் நேரத்துக்கு முன்னால் எடுத்து வெளியே வைத்துவிடுவாளாம், உருகிவிடும், எனக்குத் தெரியாது.

"ஏன் அண்ணி இதை இங்க வச்சீங்க?"

"எங்க வைக்கச் சொல்றே? சரக்கு எறங்கியிருக்கு. மேல வச்சா இன்னும் நல்லா சில்லுன்னு இருக்கும்ல. நீதான குளிர்ச்சி வேணும்னே."

"ஒறைஞ்சா மருந்து செத்துப்போகும்."

"செத்துப்போறதெல்லாம் ஒரு மருந்தா? எங்க பாட்டில வெயில்ல போடு, ஐஸ்ல போடு, ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுதான். உள்ள எதாச்சும் இருந்தாத்தான கெடும்."

அவள் ஃபிரிட்ஜ் கதவை என் விரல் மேல் சாத்துவது போலச் சாத்தினாள். இனி இந்தப் படி ஏறாதே என்றாள். தெரியாமல் வைத்தாளா, தெரிந்து வைத்தாளா என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாமல்தான் வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை. தெரியாமல் வைத்தவள்தான் அந்தச் சிவப்பைக் காட்டி, ஊசி வேலை செய்யவில்லை, சாமி சொல்லிவிட்டது என்று என் புருஷனை நம்ப வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வரும் பெண்களிடம் இதைத்தான் இன்றைக்கும் கத்துகிறேன். மருந்து கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே, அதற்கு முன்னால் என்ன மாறியது என்று பார். இடம் மாறியதா, ஆள் மாறினாளா, நேரம் மாறியதா? குணமானது என்று சொன்னாலும் அதையே கேள். போனில் வருகிற எல்லா மருத்துவத்தையும் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். அனுப்பினவருக்குக் குணமானதை நீ பார்த்தாயா என்று கேட்டால் முகம் தொங்கிப் போகிறது. தொங்கட்டும். நயமாகச் சொல்லலாமே என்கிறார்கள். நயமாகச் சொன்னவர்கள்தான் மேடையில் டை கட்டிக்கொண்டு நின்றார்கள்.

புது மருந்து வாங்கி வந்தேன். மருந்துக் கடைக்காரர் சொன்னபடி, காய்ந்து கிடந்த ஆற்றிலிருந்து மணல் அள்ளி வந்து அகல வாய்ப் பானையில் போட்டு நனைத்து, அதற்குள் சின்னச் சட்டியை இறக்கி, மருந்தை அதில் வைத்து ஈரத்துணியால் மூடினேன். மறுநாள் குழாய் மஞ்சள். அதற்கு அடுத்த நாள் பச்சை. முழுக்க நீலத்துக்கு மட்டும் வரவில்லை, அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

முடிச்சு அலமாரியில் தொங்கியது. அதைப் பார்க்காமல் ஊசி போடுவேன்.  அப்படியே எத்தனை நாள் இருப்பது? முடிச்சை அப்படியே எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் அண்ணி நின்றாள். யார் சொன்னார்களோ. நானும் வருகிறேன், சாமி முன்னால் என் முடிச்சை எப்படி அவிழ்க்கிறாய் பார்க்கிறேன் என்றாள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போனோம்.

உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டினோம். வைத்தியநாதரையும் தையல்நாயகியையும் கும்பிட்டோம். நோய்க்கு மருந்து என்று பிரசாதமாகத் தருகிற திருச்சாந்துருண்டையில் ஒன்றைப் பிள்ளை வாயில் போட்டு, ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். அதற்காகவே காத்திருந்தவள் போல அண்ணி தொடங்கினாள்.

"இத மட்டும் வாயில போட்டுக்கிறே. இத எந்தக் கொழாயில ஊத்திப் பாத்தே?"

குத்தவேண்டிய இடத்தில்தான் குத்தினாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இன்றைக்கும் இல்லை.

"இதக் குடுக்கறவரு ஊசிய நிறுத்துன்னு சொல்லல அண்ணி. சொல்லியிருந்தா இதையும் கீழ வச்சிட்டுத்தான் போவேன்."

பிறகு மஞ்சள் துணியை அவிழ்த்தேன்.  பற்களால் கடித்துத்தான் முடிச்சை இளக்க வேண்டியிருந்தது. சாமி கேட்கத்தான் சொன்னேன், ஆனால் அண்ணிக்கும் கேட்டது. வேண்டுதல் வேண்டுமானால் அவரவர் உடம்பில் வைக்க வேண்டும். அலகு குத்திக்கொள்ளட்டும், தீ மிதிக்கட்டும், உப்பில்லாமல் சாப்பிடட்டும். அடுத்தவள் பெற்ற பிள்ளையின் மருந்தை நேர்ந்துவிட யாருக்கும் பாத்தியதை இல்லை. இந்தக் காசு உன்னுடையது சாமி, எடுத்துக்கொள். இந்த வேண்டுதல் என் பிள்ளைக்கு வேண்டாம், குற்றம் இருந்தால் என் தலையில் வை. உண்டியலில் காசு விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"ஒனக்கு சாமி பயமே இல்ல" என்றாள் அண்ணி.

"பயம் இருக்கறதாலதான் அவரு பேரச் சொல்லிப் பாட்டில் விக்கல."

அவள் வேறு பஸ்ஸில் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மணி அடித்தபோது சாயங்கால ஊசிக்கு மருந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை அவர் சத்தம் போட்டார். அக்காவை ஊர் பார்க்க அவமானப்படுத்தினாய், சாமி குத்தத்தைத் தேடிக்கொண்டாய், நான் வந்தால் இந்த வீட்டில் ஒன்று நீ இருக்க வேண்டும், இல்லையென்றால் அக்கா வர வேண்டும், ரெண்டில் ஒன்று என்றார். மருந்து உறைந்ததைச் சொன்னேன். ஊசிக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்றார். குழாயின் நிறத்தைச் சொன்னேன். நீ என்ன டாக்டரா என்றார். மண்டபத்தில் கேட்டதைக் கேட்டேன், பழமொழிக்குப் பழமொழி சொன்னேன். எதுவும் அந்தக் கடலைத் தாண்டவில்லை. 

"புள்ளைகிட்ட பேசுங்க" என்று ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். தப்பிப்பதற்காகத்தான் கொடுத்தேன், வேறு யோசனை எதுவும் இல்லை. அதுவரை எங்களில் ஒருவருக்கும் அவளைக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் என்ன கேட்டாரோ, அவள் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"அது குடிச்சா நாக்கு வறண்டு போவுதுப்பா... கருப்பு ஜூஸுதான்... ஸ்கூல் விட்டு வரப்ப அத்தை கூப்ட்டுக் குடுப்பாங்க... தெனமும் இல்ல... அம்மாகிட்ட சொன்னா சாமி கண்ணக் குத்தும்னாங்க."

 பாட்டில் ஒன்றைத்தான் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். குழாய் ஏன் முழுக்க நீலத்துக்கு வரவில்லை என்று நான் சாமியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது.

 பிள்ளை, அப்பா, அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினாள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறுபடவில்லை, அவர் மூச்சு கேட்டது.

"சொல்லாதன்னு சொல்லிக் குடுத்துருக்கா" என்றார். தன் அக்காவைப் பற்றி, தனக்குத் தானே சொல்வது போல. நல்ல பொருளாக இருந்தால் ஏன் ஒளித்துக் கொடுக்க வேண்டும் என்கிற கேள்வியை அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் எழுந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அத்தனை பேசியும் நான் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாததை, அக்காவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"ஊசி போட்டியா?"

"இனிமேத்தான்."

"போடு. அவ வூட்டுக்குப் புள்ளைய அனுப்பாத."

மன்னிப்பு என்று ஒன்றும் இல்லை, என் பக்கம் சரி என்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டார். அக்காவிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. மகள் பாவாடையைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாமி கண்ணைக் குத்துமா என்று கேட்டாள். குத்தாது, அது உன் அத்தை சொன்ன பொய் என்று சாமி படத்துக்கு முன்னாலேயே சத்தமாகச் சொன்னேன். ஊசியை இறக்கினேன். வழக்கம் போல என் கையைக் கடித்தாள்.